சூடு ஏறாத ஈயச் சட்டி

ஈயம் உருகப் பெரிய சூடு ஒன்றும் வேண்டாம். அலுமினியத்துக்கு 660 டிகிரி செல்சியஸ் வேண்டும், செம்புக்கு 1085 வேண்டும். ஈயம் 327-லேயே இளகிவிடும். அதனால்தான் மின்சார ஈயச் சட்டி சூடு ஏறவில்லை என்றால் வைத்திருப்பவருக்குப் பொறுமை போய்விடுகிறது. "ஏனுங்க, ஈயத்தைக்கூட உருக்க மாட்டேங்குது. காயில் போயிருச்சுங்க, கொஞ்சம் பெரிய காயிலாப் போட்டுக் குடுத்துருங்க" என்று பழுதையும் அதற்கான பரிகாரத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். இரண்டுமே பெரும்பாலும் தவறாக இருக்கும். அதிலும் பெரிய காயில் போடுவது ஆபத்து. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கோயம்புத்தூர் கணபதியில் ஹீட்டர் வேலை பார்க்கிறவன் நான். பிளாஸ்டிக் மோல்டிங் மெஷினின் பேண்ட் ஹீட்டர், பேக்கரி அவன், பேக்கிங் மெஷினின் சீலிங் பார் எல்லாம் என்னிடம் வரும். அவற்றுக்கு நடுவே ஈயச் சட்டியும் வரும். பேட்டரிக் கடைக்காரர்கள் தட்டுகளை இணைக்கும் பட்டையும் முனைக் கம்பமும் வார்க்க இதை வைத்திருப்பார்கள். மோட்டார் வைண்டிங் கடைகளில் ஒயர் முனையை முக்கியெடுக்கச் சின்ன சால்டர் பாட் இருக்கும். அதில் வெள்ளீயமும் ஈயமும் கலந்திருக்கும், 63-க்கு 37 என்ற கலவையானால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். மீன்வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிறவர்கள் கடலோர ஊர்களிலிருந்து சட்டியைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்ததுண்டு. தொழில் வேறானாலும் சட்டியின் அமைப்பு ஒன்றுதான். ஓர் இரும்புப் பாத்திரம், அதைச் சுற்றியோ அடியிலோ ஒரு ஹீட்டர், சூட்டை மட்டுப்படுத்த ஒரு கருவி, வெளியே தகர உறை, நடுவில் சூடு வெளியேறாமல் காக்கும் பஞ்சு. இவ்வளவு எளிய சாமான் எப்படி இத்தனை விதமாகப் பழுதாகிறது என்பது எனக்கு இன்றும் அலுக்காத விஷயம்.

சட்டி வந்ததும் நான் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதில்லை. எத்தனை கிலோ போடுகிறீர்கள், உருக எவ்வளவு நேரம் ஆகிறது, முன்பு எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்பேன். இந்த மூன்று பதிலில் பாதி வேலை முடிந்துவிடும். ஏனென்றால் சட்டிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அறை வெப்பத்தில் கிடக்கும் ஒரு கிலோ ஈயத்தை உருக்கி 350 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 65 கிலோஜூல் வேண்டும். 1000 வாட் ஹீட்டர் ஒரு நொடிக்கு ஒரு கிலோஜூல் கொடுக்கும். 10 கிலோ ஈயத்துக்கு 650 நொடி, அதாவது 11 நிமிடம். அத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைத்துத்தான் பலரும் குறைப்படுகிறார்கள். சட்டியும் சேர்ந்துதானே சூடாக வேண்டும்? இரும்பு ஈயத்தைவிட அதிகம் குடிக்கும். ஒரு கிலோ இரும்பை அதே 350-க்கு ஏற்ற 145 கிலோஜூலுக்கு மேல் ஆகிறது. 3 கிலோ எடையுள்ள சட்டியானால் அதற்கே 7 நிமிடம் போய்விடும். வெளியே கசியும் சூட்டையும் சேர்த்தால் 25, 30 நிமிடம் நியாயமான நேரம். அரை மணி நேரத்தில் உருகும் 10 கிலோ சட்டியைப் "போயிருச்சுங்க" என்று கொண்டுவந்தால் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

இன்னொன்றும் அடிக்கடி கேட்பேன்: "முள்ளு 327-ல அப்படியே நின்னுக்குது, மேல போகவே மாட்டேங்குது." அது பழுதே இல்லை. திடமாக இருக்கும் ஈயம் திரவமாக மாறும் நேரம் அது. ஹீட்டர் கொடுக்கும் சூடு முழுவதும் கட்டியை இளக்குவதில் செலவாகிறது; கடைசிக் கட்டி கரையும்வரை சூடு ஏறாது. கிலோவுக்கு 23 கிலோஜூல் அளவில் இதற்கு மட்டுமே வேண்டும். ஐந்து, பத்து நிமிடம் காத்திருந்தால் முள் தானாக நகரும். ஆறும்போதும் அதே இடத்தில் அது நிற்கும். இந்த நிற்றலை நான் ஒரு அளவுகோலாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நேரம் உண்மையிலேயே கூடியிருந்தால் அடுத்த கேள்வி வோல்டேஜ். சூடு வோல்டேஜுக்கு நேராகக் குறைவதில்லை, அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. 230 வோல்ட்டில் 1000 வாட் கொடுக்கும் ஹீட்டர் 180 வோல்ட்டில் 612 வாட்தான் கொடுக்கும். இது பார்க்க நாற்பது சதவீதக் குறைவுதான். ஆனால் சட்டி சூடாக இருக்கும்போது வெளியே 300 வாட் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு வோல்டேஜில் ஈயத்துக்கு மிஞ்சுவது 700 வாட்; குறைந்த வோல்டேஜில் மிஞ்சுவது 312. கசிவு வோல்டேஜைப் பார்த்துக் குறைவதில்லை. ஆகவே உருகும் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். 2008-ஐ ஒட்டித் தொடங்கித் தமிழ்நாடு மின்வெட்டில் தவித்த சில ஆண்டுகளில் இந்தப் பகுதிப் பட்டறைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கரண்ட் வந்த நேரத்தில் எல்லா மெஷினும் ஒன்றாக ஓடும், வோல்டேஜ் படுத்துவிடும். அப்போது என்னிடம் வந்த சட்டிகளில் பல முழு ஆரோக்கியத்தோடு வந்தவை. என் மேசையில் ஸ்டெபிலைசர் வழியாக 230 கொடுத்தால் அழகாக உருக்கும், கடைக்குப் போனால் மறுபடி திணறும். அதனால் இப்போதும் தொலைபேசியில் கூப்பிடுகிறவர்களிடம், சட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிளக் பாயிண்டில் எத்தனை வோல்ட் என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து சொல்லச் சொல்வேன். சுவிட்ச் போடாமல் அளந்தால் எல்லா லைனும் நல்ல லைனாகத்தான் தெரியும்.

வோல்டேஜ் சரி என்றால் ஆம்பியர் பார்க்க வேண்டும். இங்கேதான் நம் ஊரில் பலர் சீரிஸ் லாம்ப்பை நம்பி ஏமாறுகிறார்கள். ஹீட்டரைப் பல்போடு தொடராக இணைத்து, பல்பு எரிந்தால் ஹீட்டர் நல்லது, எரியாவிட்டால் கெட்டது என்பது அவர்கள் தீர்ப்பு. 60 வாட் பல்பு வழியாகக் கால் ஆம்பியர்தான் ஓடும். பல்பின் மின்தடை எரியும்போது 880 ஓம். 1000 வாட் ஹீட்டரின் மின்தடை 53 ஓம். நடுவில் 10 ஓம் அளவுக்குக் கெட்டுப்போன ஒரு இணைப்பு இருந்தாலும் பல்பின் வெளிச்சத்தில் அது தெரியவே தெரியாது. சீரிஸ் லாம்ப் கம்பி அறுந்திருக்கிறதா என்பதைச் சொல்லும், அதற்கு மேல் எதையும் சொல்லாது. சட்டியை ஓடவிட்டு ஒற்றை ஒயரை டாங் டெஸ்டருக்குள் விட்டுப் பாருங்கள். 1000 வாட்டுக்கு 4.3 ஆம்பியரை ஒட்டிக் காட்ட வேண்டும். 2000 வாட் சட்டியில் பெரும்பாலும் இரண்டு 1000 வாட் ஹீட்டர் பக்க இணைப்பில் இருக்கும். 8.7-க்குப் பதில் 4.3 காட்டினால் ஒன்று செத்துவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட சட்டி எப்படியோ உருக்கிவிடும். ஆனால் நாலு கரண்டி அள்ளி ஊற்றிப் புதுக் கட்டி போட்டதும் உறைந்துவிடும். "காலைல நல்லா இருக்குதுங்க, வேலை சூடு பிடிச்சா இது படுத்துக்குது" என்று யாராவது சொன்னால் என் கை நேராக டாங் டெஸ்டருக்குப் போகும்.

ஹீட்டருக்குள் இருக்கும் நைக்ரோம் கம்பி நிக்கலும் குரோமியமும் சேர்ந்த உலோகம். 1906-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகுதான் மின்சாரத்தில் சூடு என்பது வீட்டுக்கும் பட்டறைக்கும் வந்தது. இந்தக் கம்பியில் எனக்குப் பிடித்த குணம், குளிர்ந்திருந்தாலும் சிவந்திருந்தாலும் அதன் மின்தடை அதிகம் மாறாது என்பது. பல்பின் டங்ஸ்டன் அப்படியில்லை. அதனால் பிளக்கைக் கழற்றி, சட்டி ஆறியபின் மீட்டரில் ஓம் அளந்தாலே அது எத்தனை வாட் கொடுக்கும் என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம். 53 ஓம் காட்ட வேண்டியது காட்டுகிறது, ஆனால் ஓடும்போது ஆம்பியர் குறைகிறது என்றால் குற்றவாளி ஹீட்டர் இல்லை, வழியில் எங்கோ இருக்கிறான்.

அந்த வழியில் முதல் சந்தேகம் எனக்கு எப்போதும் ஹீட்டர் முனையின் மீதுதான். என்னிடம் வரும் ஈயச் சட்டிகளில் உண்மையான பழுது மிகுதியாக இருப்பது இங்கே. சட்டியின் சுவர் 400 டிகிரியில் இருக்கும்போது அதற்கு இரண்டு விரல் தள்ளி ஒரு ஸ்க்ரூவில் செம்பு ஒயர் முறுக்கப்பட்டிருக்கிறது. சாதாரண பி.வி.சி. ஒயரின் உறை 70 டிகிரிக்கு உரியது. முதலில் உறை இளகிச் சுருங்குகிறது, பிறகு செம்பு கறுக்கிறது. கறுத்த செம்பு கரண்டைச் சரியாக விடாது. அந்த இடத்தில் ஒரே ஒரு ஓம் தடை உண்டானாலும் 4.3 ஆம்பியர் ஓடும்போது 18, 19 வாட் சூடு அந்த ஸ்க்ரூவின் தலையிலேயே பிறக்கிறது. அந்தச் சூட்டில் இன்னும் கறுக்கிறது. தடை இன்னும் ஏறுகிறது. கடைசியில் ஒரு விசித்திரமான நிலை வரும். ஆறியிருக்கும்போது இணைப்பு சேர்ந்திருக்கும். சூடானதும் விரிந்து விட்டுவிடும். ஆறியதும் மறுபடி சேரும். பத்து நிமிடம் ஓடி நின்று, அரை மணி கழித்துத் தானாக உயிர்பெறும் சட்டி இப்படிப்பட்டது. பலர் இதைத் தெர்மோஸ்டாட் கோளாறு என்று நினைத்து அதை மாற்றிவிட்டு வருவார்கள்.

இதற்கு வைத்தியம் கஷ்டமானதில்லை, மலிவாகச் செய்ய நினைப்பதுதான் கெடுக்கிறது. கறுத்த ஒயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டியெறிய வேண்டும். சூடான பகுதிக்குள் நிக்கல் பூசிய ஒயர், அதன் மேல் கண்ணாடி இழை உறை, முனையில் அழுத்திப் பிடித்த லக், இணைப்புக்குப் பீங்கான் கனெக்டர். பிளாஸ்டிக் ஸ்ட்ரிப் கனெக்டர் கூடவே கூடாது. சிலர் பலமாக இருக்கட்டும் என்று அங்கே சால்டர் வைத்துவிடுகிறார்கள். 183 டிகிரியில் உருகும் பொருளை 200 டிகிரி தாண்டும் இடத்தில் வைத்தால் அது ஒழுகிப் போகும் என்பதை, நாளெல்லாம் ஈயத்தை உருக்குகிறவர்களே மறந்துவிடுவது எனக்கு வியப்பு.

இணைப்பு நன்றாக இருந்து, ஆம்பியர் முழுதாக ஓடி, அப்போதும் ஈயம் உருகவில்லை என்றால் பிறக்கும் சூடு ஈயத்துக்குப் போய்ச் சேரவில்லை. பேண்ட் ஹீட்டர் என்பது சட்டியின் இடுப்பைச் சுற்றி இறுக்கப்பட்ட பட்டை. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அதன் போல்ட் தளர்ந்துகொண்டே வரும். உள்ளே துரு செதில் செதிலாகக் கிளம்பும். பட்டைக்கும் சட்டிக்கும் நடுவில் காகித அளவு இடைவெளி விழுந்தால் போதும், அடுப்புக்கு நாலு விரல் மேலே தூக்கிப் பிடித்த தோசைக்கல்லின் கதைதான். பட்டை சிவக்கும், சட்டி சுணங்கும். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் பட்டை தன் சூட்டிலேயே வெந்து அறுந்துவிடும். அப்படி அறுந்த ஹீட்டரைப் பார்த்ததும் புது ஹீட்டரை அதே துருவின் மேல் மாட்டுகிறவர்கள் சில மாதத்தில் மறுபடி வருவார்கள். சட்டியின் வெளிச்சுவரை உப்புத்தாளால் தேய்த்து வெறும் இரும்பு தெரிய வைத்து, பட்டையை மாட்டி இறுக்கி, ஒரு முறை சூடாக்கி, மின்சாரத்தைத் துண்டித்து ஆறியபின் மறுபடி இறுக்க வேண்டும். இரண்டாவது இறுக்கத்தில் போல்ட் அரைச் சுற்றாவது போகும். அந்த அரைச் சுற்றில்தான் ஹீட்டரின் ஆயுள் இருக்கிறது.

வெளியுறைக்குள் இருக்கும் பஞ்சையும் பார்த்துவிடுங்கள். பல வருஷம் ஓடிய சட்டியில் அது தூளாகிக் கீழே உட்கார்ந்திருக்கும். மேல் பாதி வெற்றாக நிற்கும். தகர உறையின் மேல் பாதி மட்டும் தொட முடியாமல் கொதித்தால் இதுதான் காரணம். சட்டிக்கு நேராகப் பெடஸ்டல் ஃபேன் வைத்துக்கொண்டு சூடு ஏறவில்லை என்றவர்களையும் பார்த்திருக்கிறேன். புகையை வெளியே இழுக்கத்தான் வேண்டும். ஆனால் சட்டியின் வாய்க்கு மேலே காற்றடித்தால் சூடும் போகும், ஈயத் தூளும் அறை முழுக்கப் பரவும்.

இனி சூட்டை அளக்கும் கருவி. கடையில் எளிதாகக் கிடைக்கும் கேபில்லரி தெர்மோஸ்டாட் 300 டிகிரி வரை செல்வது, பேக்கரி அவனுக்காகச் செய்தது. அதைக் கொண்டுபோய் ஈயச் சட்டியில் மாட்டினால் 327-ஐத் தொடவே விடாது. கடைசிவரை திருகினாலும் ஈயம் கட்டியாகவே கிடக்கும். சரியான ரகத்தையே வாங்கினாலும் அதன் குமிழை ஹீட்டரை ஒட்டி வைத்தால், அது ஹீட்டரின் சூட்டைப் பார்த்துவிட்டு ஈயம் சூடாகிவிட்டது என்று முன்கூட்டியே துண்டித்துவிடும்.

தெர்மோகப்பிள் வைத்த சட்டிகளில் நடக்கும் குழப்பம் இன்னும் நுட்பமானது. ஒரு பேட்டரிக் கடையிலிருந்து வந்த சட்டி நினைவிருக்கிறது. கன்ட்ரோலரில் 380 வைத்தால் நம்பர் மளமளவென்று ஏறி 380-க்கு வந்து நின்றுவிடும். ஆனால் உள்ளே ஈயம் அசையாமல் கிடக்கிறது. ஹீட்டரை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. "ஏனுங்ணா, 380-ல உருகாத ஈயமும் இருக்குதுங்களா?" என்று அந்தக் கடைக்காரர் கேட்ட கேள்வி நியாயமானது. நான் கன்ட்ரோலரை 450-க்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். ஈயம் உருகியது. பிறகு அணைத்துவிட்டு ஆறவிட்டு நம்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கிக்கொண்டே வந்த நம்பர் 425-ஐ ஒட்டி நின்றது. சட்டியின் ஓரத்தில் ஈயம் உறைந்து கொண்டிருந்தது. சுத்தமான ஈயம் உறையும் இடம் 327. ஆக அந்தக் கருவி கிட்டத்தட்ட நூறு டிகிரி பொய் சொல்கிறது.

காரணம் இதுதான். தெர்மோகப்பிளில் பல ரகம் உண்டு. நம் பட்டறைகளில் புழங்குபவை ஜே ரகமும் கே ரகமும். ஜே என்பது இரும்பும் கான்ஸ்டன்டனும் சேர்ந்தது. கே என்பது குரோமலும் அலுமலும் சேர்ந்தது. ஒரே சூட்டுக்கு ஜே அதிக மில்லிவோல்ட் கொடுக்கும். கன்ட்ரோலர் கே-க்கு அமைக்கப்பட்டிருக்க, யாரோ ஜே சென்சரை மாட்டியிருக்கிறார்கள். உண்மையில் 290 டிகிரியை எட்டும்போதே அது 380 என்று காட்டித் துண்டித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி எஃகுக் குழாய்தான். பிரித்தறிய ஒரு காந்தத் துண்டு போதும்: ஜே-யில் பாசிட்டிவ் கம்பி இரும்பு, அது காந்தத்தில் ஒட்டும், கே-யில் ஒட்டுவது நெகட்டிவ் கம்பி. நிறத்தை நம்பாதீர்கள். அமெரிக்க வழக்கப்படி வரும் தெர்மோகப்பிள் ஒயரில் சிவப்புதான் நெகட்டிவ். வீட்டு வயரிங் பழக்கத்தில் சிவப்பைப் பாசிட்டிவில் மாட்டினால் சட்டி சூடேற ஏற நம்பர் இறங்கும்; கன்ட்ரோலர் இன்னும் சூடு வேண்டும் என்று கரண்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அப்படி ஓடவிட்ட சட்டி புகையும். தெர்மோகப்பிளுக்குரிய காம்பன்சேட்டிங் கேபிள் போடாமல் சாதாரணச் செம்பு ஒயரில் நீட்டுவதும் இதே வகைதான். சென்சரின் தலைப்பகுதி எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு குறைத்துக் காட்டும்.

உறையும் இடத்தை வைத்துக் கருவியைச் சரிபார்க்கும் வழக்கம் நான் கண்டுபிடித்ததல்ல. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் இளமையில் அச்சகங்களில் லைனோடைப் மெஷின்களின் உருக்குச் சட்டிகளைப் பார்த்துக்கொண்டவர். ஒரு வரி எழுத்தை அப்படியே வார்த்துத் தள்ளும் மெஷின் அது; ஓட்மார் மெர்கென்தாலர் உருவாக்கியது, 1886-இல் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் முதன்முதலாக வேலைக்கு வந்தது. அதில் ஈயத்தோடு ஏறத்தாழ 12 சதவீதம் ஆன்டிமனியும் 4 சதவீதம் வெள்ளீயமும் இருக்கும். அந்தக் கலவையைச் சுமார் 285 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் எழுத்தின் முனை மழுங்கும், கூடினால் வரிக்குள் ஓட்டை விழும். அப்படிப்பட்ட வேலையில் பழகிய கண் அவருடையது. மீட்டர் என்ன சொல்கிறது என்பதற்கு முன் உலோகம் என்ன சொல்கிறது என்று பார் என்பார். அந்த மெஷின்கள் போய்விட்டன, அவர் சொன்னது என் மேசையில் இன்றும் வேலை செய்கிறது.

சில நேரம் சட்டியில் எந்தப் பழுதும் இருக்காது, உள்ளே போட்ட சரக்கில் இருக்கும். ஈயக்குண்டு வார்க்கிறவர்கள் பழைய இரும்புக் கடையில் வண்டிச் சக்கர எடைக்கட்டிகளை வாங்கி உருக்குவார்கள். அவற்றில் துத்தநாகத்தில் செய்ததும் கலந்திருக்கும். துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும். 350-ல் ஈயம் உருகி நிற்க, துத்தநாகக் கட்டி மேலே மிதக்கும். அதைக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட வேண்டும். சூடு போதவில்லை என்று ஏற்றி அதையும் கரைத்துவிட்டால் மொத்த ஈயமும் கஞ்சிபோலத் தடித்து, அச்சின் மூலைக்குப் போகாது. பழைய பேட்டரித் தட்டைப் போட்டுவிட்டுப் பாதிதான் உருகுகிறது என்று வருகிறவர்களும் உண்டு. தட்டில் உலோகமாக இருப்பது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ஈய ஆக்சைடும் சல்பேட்டும். ஆக்சைடு உருக 880 டிகிரிக்கு மேல் வேண்டும். எந்தச் சின்னச் சட்டியும் அதை உருக்காது, உருக்க முயலவும் கூடாது. பழைய பேட்டரியை உடைத்து உருக்குவது பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகளின் வேலை. 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. அந்தச் சரக்கோடு வரும் சட்டியை நான் தொடுவதில்லை.

வார்ப்பில் சுருக்கம் விழுகிறது, அதனால் சட்டியில் சூடு குறைவு என்பதும் பொதுவாகத் தவறான தீர்ப்பு. அச்சு குளிர்ந்திருந்தால் எவ்வளவு சூடான ஈயமும் சுருங்கித்தான் விழும். அச்சைச் சட்டியின் ஓரத்தில் வைத்துச் சூடாக்கி, முதலில் வரும் சில குண்டுகளைத் திரும்ப உருக்கப் போட்டுவிடுங்கள். பிறகு சட்டியைக் குறை சொல்லலாம்.

மழைக்காலத்து வழக்கு ஒன்று உண்டு. குழாய் வடிவ ஹீட்டருக்குள் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடுத் தூள் அடைக்கப்பட்டிருக்கும். அது ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சில வாரம் சும்மா கிடந்த சட்டியைப் போட்டதும், மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். உடனே அதைத் தாண்டி நேர் லைன் கொடுக்கிறார்கள். ஈரம் உறிஞ்சிய ஹீட்டரில் கரண்ட் உறைக்குக் கசிகிறது, உறை இரும்புச் சட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, சட்டிக்குள் இருக்கும் கரண்டியை நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எர்த் ஒயர் இல்லாத சட்டியை நான் பட்டறையை விட்டு வெளியே விடுவதில்லை. ஹீட்டரைக் கழற்றி 120 டிகிரியை ஒட்டி அவனில் சில மணி நேரம் வைத்து ஈரத்தை ஓட்டி, 500 வோல்ட் மெக்கரில் ஒரு மெகா ஓமுக்கு நன்றாக மேலே வந்தபின்தான் மாட்டுவேன்.

சரி, இவ்வளவும் தேடுவதற்குப் பதில் 1000-க்கு 2000 வாட் போட்டுவிட்டால் என்ன? போட்டால் உருகும். தளர்ந்த இணைப்போடும், பொய் சொல்லும் சென்சரோடும், இடைவெளி விழுந்த பட்டையோடும் உருகும். பிறகு ஒருநாள் லைனில் முழு வோல்டேஜ் வரும், அல்லது கான்டாக்டர் ஒட்டிக்கொள்ளும், அல்லது தளர்ந்த இணைப்பு தற்செயலாகச் சேரும். அன்று ஈயம் 500 டிகிரியைத் தாண்டும். 350, 400-ல் ஈயத்திலிருந்து ஆவி அதிகம் கிளம்பாது. 500-ஐ நெருங்க நெருங்கப் புகை கூடும். அது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. மூக்கில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது. மேலே படியும் கசடும் சூடு கூடக் கூட வேகமாகப் படிகிறது; மஞ்சளும் சாம்பலுமாகப் பறக்கும் அந்தத் தூள் எந்தச் சூட்டிலும் நஞ்சுதான். அது கையில் ஒட்டி டீ டம்ளருக்குப் போகிறது, சட்டையில் ஒட்டி வீட்டுக்குப் போகிறது. குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய ஈய அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அந்தப் பிள்ளைகளின் மூளையையும் படிப்பையும் நினைத்துத்தான் பெரிய காயில் போடச் சொல்கிறவர்களிடம் நான் பிடிவாதமாக மறுக்கிறேன். வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்று தெரியும். போனவர்களும் உண்டு.

உடனடி ஆபத்தும் இருக்கிறது. உறைந்த ஈயம் நிறைந்த சட்டியில் அடியில் மட்டும் பலமான ஹீட்டர் வைத்தால் அடி முதலில் உருகி விரியும், மேலே மூடியிருக்கும் கட்டி அதை விடாது; ஒரு கட்டத்தில் பீய்ச்சி அடிக்கும். அதனால் பக்கச் சுவரிலிருந்து மெதுவாகச் சூடேற்றுவதே நல்லது. ஈரக் கட்டியை உருகிய ஈயத்தில் போட்டால் நீர் ஒரு நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்துக்கு வீசும். புதுக் கட்டியைச் சட்டியின் விளிம்பில் வைத்துச் சூடாக்கி, பிறகு உள்ளே தள்ளுங்கள்.

உங்கள் சட்டி சூடு ஏறவில்லை என்றால் அதில் எத்தனை கிலோ, எவ்வளவு நேரம், ஓடும்போது எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்ற நான்கை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் போங்கள். காயிலை மாற்றச் சொல்லாதீர்கள். எங்கே சூடு நிற்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உருக்கும் இடத்துக்குள் குழந்தைகளையும் கர்ப்பிணிப் பெண்களையும் விடாதீர்கள். சாப்பிடும் முன் கையைச் சோப்பால் கழுவுங்கள், வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே கழற்றி வையுங்கள். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது அதைச் செய்துகொள்ளுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் செய்து பாருங்கள்.